செல் சிக்னலும் ஐஸ்கிரீம் டப்பாவும்

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் சென்ட்ரல் வண்டிக்குக் காத்திருந்தோம். பழவேற்காட்டுச் சித்தப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் கம்பி வைத்து மூன்று மாதம், செக்கப். திடீரென்று கேட்டார்: "ஏன்டா, அந்தக் கம்பியில செல்லு சிக்னலைத் தடுக்குற மருந்து தடவியிருக்குன்னாரே டாக்டரு? ஏரிக்குள்ள போனா ஏற்கெனவே சிக்னல் இல்ல. இருக்குறதையும் தடுத்துட்டா உங்க சித்திக்கு எப்படிப் போன் அடிக்கிறது?"

பெயரிலேயே 'அனுப்பு' என்று இருக்கிற ஊரில் உட்கார்ந்து, அனுப்புகிற சேதியை மறிக்கும் மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நிலைமை. வண்டி வேறு லேட். ஆரம்பித்தேன்.

அந்த மருந்து வந்த கதையில் முதல் குற்றவாளி டச்சுக்காரன். 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வாங்கி விற்று, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறையை நமக்குச் சீதனமாக விட்டுப் போனானே, அவன் பங்காளி ஜேக்கப் ரொக்கவீன். தெற்கே பெரிய கண்டம் இருக்கிறது என்று கிளம்பியவர், 1722-இல் ஈஸ்டர் ஞாயிறன்று பசிபிக்கில் ஒரு தீவில் முட்டினார். காலண்டரைப் பார்த்தார், ஈஸ்டர் தீவு என்று பெயர் வைத்தார். ஆடிப்பெருக்கன்று போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அங்கிருந்து டச்சுக்காரர்களின் பத்தாவியாவுக்குப் போனவரின் கப்பல்களைப் பழவேற்காட்டை வைத்திருந்த டச்சுக் கம்பெனியே பிடுங்கிக்கொண்டது. அவர் போட்டிக் கம்பெனி ஆள். பங்காளிச் சண்டை நமக்கு மட்டுமா சொத்து?

1964 கடைசியில், தீவுக்கு விமான நிலையம் வருமுன் அங்குள்ளவர்களைச் சோதித்துவிட வேண்டும் என்று கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் கூட்டம் கப்பலேறியது. அதில் நொக்ராடி என்ற கிருமி நிபுணருக்கு ஒரு சந்தேகம். குதிரை திரிகிற மண்ணில் வெறுங்காலோடு நடக்கிற ஜனத்துக்கு ஏன் டெட்டனஸ் வருவதில்லை? தீவை 67 துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மண் அள்ளினார். அந்த மண் மான்ட்ரியலில் அயர்ஸ்ட் மருந்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சுரேந்திரநாத் செகல் என்ற நம்மவரும் கூட்டாளிகளும் 1972-இல் அதிலிருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து பூஞ்சைக்கொல்லி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். தீவின் சொந்தப் பெயர் ரபா நூயி, மருந்து ரபாமைசின்.

இதுவோ பூஞ்சையோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் படுக்க வைத்தது. கம்பெனிக்குக் கசந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆய்வகத்துக்கே பூட்டு. இருப்பதை அழிக்கச் சொல்லிச் செகலுக்கு உத்தரவு.

"அழிச்சுட்டாரா?"

"வீட்டு ஃப்ரீசர்ல வெச்சுட்டாரு. ஐஸ்கிரீம் டப்பாவுல. மேல 'சாப்பிடாதே'ன்னு எழுதி."

சித்தப்பாவுக்கு விஞ்ஞானத்தின் மேல் அப்போதுதான் மரியாதை வந்தது. சித்தியின் ஃப்ரீசரில் மூன்று ஐஸ்கிரீம் டப்பா உண்டு, மூன்றிலும் இறால். பேரன் ஸ்பூனோடு போய் அழுதது தெருவுக்கே தெரியும்.

இனி நெஞ்சு. 1977-இல் கிரன்ட்சிக் என்ற ஜெர்மன்காரர், சமையலறையில் செய்து பழகிய பலூனை ஜூரிச்சில் ஒருவரின் இதயக் குழாய்க்குள் ஊதினார். அடைப்பு விலகியது. ஆனால் தூர்வாரிய முகத்துவாரம் சும்மா இருக்குமா? மறுபடி மணல் மூடும். கரைக்குக் கல் கொட்டுகிற மாதிரி கம்பி வலையும் வைத்துப் பார்த்தார்கள். அடிபட்ட சுவரின் தசைச் செல்கள், புண்ணை ஆற்றுகிறோம் பேர்வழி என்று பெருகி, கம்பி இடுக்கிலெல்லாம் புகுந்தன.

செல்லுக்குள் ஒரு நாட்டாமைப் புரதம் உண்டு. தீனி இருக்கு, வளருங்க, பெருகுங்க என்று உத்தரவு போவது அவரிடமிருந்து; டாக்டர் சொன்ன செல் சிக்னல் இதுதான். ஊர்த் தலைவர் சொல்லாமல் மீன்பிடிக்கப் படகு நகருமா? ரபாமைசின் உள்ளே நுழைந்து, சிவனே என்று கிடக்கிற இன்னொரு புரதத்தைத் துணைக்கு இழுத்துப்போய் நாட்டாமைமேல் சாய்ந்துவிடும். உத்தரவு நின்றது. 1991-இல் பாஸல் நகரில் ஈஸ்ட்டை வைத்து இந்த நாட்டாமையைக் கண்டுபிடித்தவர்கள் 'ரபாமைசினின் இலக்கு' என்றே பெயரிட்டார்கள். அடித்தவன் பெயரை அடிவாங்கினவனுக்குச் சூட்டியிருக்கிறார்கள், பாவம்.

எதிர்ப்புச் சக்தியைப் படுக்க வைத்த அதே குணத்துக்காக, டப்பா மருந்து 1999-இல் சிறுநீரக மாற்றுக்கு அனுமதி பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் சாவோ பாவ்லோவில் அதைக் கம்பியில் பூசி வைத்தார்கள், அடுத்து ராட்டர்டாமில். டச்சுக்காரன் விடுவானா? 2002-இல் வந்த ஆய்வில், ஆறு மாதத்தில் வெறும் கம்பிக்காரர்களில் 26.6 சதவீதம் பேருக்கு மறு அடைப்பு. மருந்துக் கம்பியில் ஒருவருக்கும் இல்லை. பிந்தைய ஆய்வுகளில் கணக்கு அவ்வளவு சுத்தமாக வரவில்லை, அது வேறு கதை.

செகல் 2003 ஜனவரியில் இறந்தார். மருந்துக் கம்பிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது ஏப்ரலில்.

"அப்ப என் நெஞ்சுல இருக்குறது அந்த டப்பாச் சரக்கா?"

"அதுவோ, அதோட பங்காளியோ."

வண்டி வருகிற சத்தம் கேட்டது. சித்தப்பா போனை எடுத்தார். "இந்தா, ஃப்ரீசர்ல இருக்குற டப்பா மூணுலயும் மேல எழுதி ஒட்டு... என்னத்தையா? இறாலுன்னுதான்!"