வால் உள்ள ஸ்டேஷன் மாஸ்டர்

வக்காயாமா, ஜப்பான்

அன்புள்ள தாத்தாவுக்கு,

பாட்டி கேட்டால் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். உம்பாயில் சுடும் மீனை (இக்கான் பக்கார்) நினைத்துக்கொண்டு பச்சை மீனை விழுங்குகிற கதை அவருக்கு வேண்டாம்.

வேலைக்குப் போவது ஒற்றைப் பெட்டி ரயிலில். ஸ்டேஷன் என்பது ஒரு கூரை, ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், ஆள் கிடையாது. பின்கதவில் ஏறி, எண் போட்ட சீட்டை உருவிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது அந்த எண்ணுக்குப் பலகை காட்டும் காசை டிரைவர் பக்கத்து உண்டியலில் போட வேண்டும். டிரைவரோ ஒவ்வொரு சிக்னலையும் விரல் நீட்டிக் காட்டிச் சத்தமாக ஏதோ சொல்கிறார். சாமி வந்துவிட்டதோ என்று பயந்தே போனேன். கவனம் தப்பாமலிருக்க அப்படி ஒரு வழக்கமாம்.

லீவில் கிஷி ஸ்டேஷனுக்குப் போனேன். 14.3 கிலோமீட்டர் கிஷிகாவா பாதையின் கடைசி ஊர். நஷ்டமென்று பழைய கம்பெனி கைகழுவ, 2006-இல் வக்காயாமா மின்ரயில் கம்பெனி எடுத்துக்கொண்டது. செலவைக் குறைக்க ஸ்டேஷன் ஆட்களை நீக்கிவிட்டு, பக்கத்துக் கடைப் பூனை தாமாவை 2007-இல் ஸ்டேஷன் மாஸ்டராகப் போட்டார்கள். தொப்பி உண்டு, பதவி உயர்வு உண்டு, சம்பளம் பூனைத் தீனி. பார்க்கக் கூட்டம் வந்தது; பாதைக்கு உயிர் வந்தது. 2015-இல் தாமா செத்ததும் ஸ்டேஷனிலேயே கோயில் கட்டித் தெய்வமாக்கிவிட்டார்கள். நம் தோட்டத்துப் பெரிய கிராணிகூட இவ்வளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு இத்தனை பாடுபடும் இதே நாட்டுப் பட்டாளம்தான், 1905-இல் நம் மலேசியாவில் திறந்த தம்பின்–மலாக்கா பாதையைச் சண்டைக் காலத்தில் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனது. கூடவே தோட்டத்துச் சனங்களையும். இன்றும் மலாக்கா டவுனில் ரயில் இல்லை; ரயில் ஏறப் புலாவ் செபாங்குக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

“போறதுதான் போற, நம்ம தண்டவாளத்தக் கேட்டு வாங்கிட்டு வா” என்றீர்களே, மறக்கவில்லை. கேட்கலாமென்றால் ஸ்டேஷனில் ஆளே இல்லை! பயணிகள் எழுதிப்போக பெஞ்சில் ஒரு நோட்டுப்புத்தகம் கிடக்கிறது. அதில் தமிழிலேயே எழுதிவிட்டேன்: “தம்பின்–மலாக்கா தண்டவாளம் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கவும். அவசரமில்லை. ஆட்களுக்கான கணக்குத் தனி.”

அன்புப் பேரன்