ஒரு கேக்கும் நான்கு கரண்டிகளும்: பங்கீட்டியலில் ஒரு சிற்றாராய்ச்சி

நண்பர்கள் நால்வர் ஒரு கஃபேயில் கூடி, ஆளுக்கொன்று வாங்கும் வசதி இருந்தும் ஒரே ஓர் இனிப்பை வரவழைத்து, அதனுடன் நான்கு கரண்டிகளையும் கேட்டு வாங்கி, ஒரே தட்டிலிருந்து உண்ணும் வழக்கம் சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் இன்று வேரூன்றிவிட்டது. சிக்கனம், உடல்நலம், நாகரிகம் என இவ்வழக்கத்துக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும் அவற்றுள் எதுவும் ஆய்வுக்கு நிற்பதில்லை. ஏனெனில் சிக்கனம் கருதுவோர் 200 ரூபாய்க் காபியை அருந்துவதில்லை, உடல்நலம் கருதுவோர் அந்தப் பக்கமே வருவதில்லை, நாகரிகம் கருதுவோர் அடுத்தவர் பக்கத்தில் இருக்கும் ஐஸ்கிரீமுக்குக் கரண்டியை நீட்டுவதில்லை. நால்வருக்கும் போதாமற்போக வேண்டும் என்பதற்காகவே அந்த ஒற்றைத் தட்டு வரவழைக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இத்தகைய அற்பப் பொருளுக்கு ஆராய்ச்சி தேவையா என்று வினவுவோருக்கு வியன்னா நகரம் தக்க விடை அளிக்கும். 1832இல் பதினாறு வயதுப் பயிற்சிச் சமையற்காரராக இருந்த ஃபிரான்ஸ் சாகர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சாகர்டோர்ட் என்னும் சாக்லேட் கேக்கின் 'அசல்' என்ற பட்டம் யாருக்கு உரியது என்பதற்காக, அந்நகரின் சாகர் ஹோட்டலும் டெமல் இனிப்பகமும் பல ஆண்டுகள் வழக்காடின. ஆப்ரிகாட் ஜாமைக் கேக்கின் நடுவிலும் தடவ வேண்டுமா, சாக்லேட் மேற்பூச்சின் அடியில் மட்டும் தடவினால் போதுமா என்பதெல்லாம் நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, 1963இல்தான் சமரசம் ஏற்பட்டது. இரண்டு கடைகளுக்கு இடையில் ஒரு கேக் இவ்வளவு காலத்தை விழுங்குமானால், நான்கு நண்பர்களுக்கு இடையில் அது என்ன செய்யும் என்று ஆராய்வது வீண்வேலை ஆகாது.

தமிழர் உணவு மரபில் ஒரே தட்டில் பலர் உண்பது எளிதில் ஏற்கப்பட்ட செயல் அன்று. பந்தியில் ஒவ்வொருவருக்கும் தனி இலை உண்டு. இனிப்பு தொடக்கத்திலேயே இலைக்கு வந்துவிடும். எவ்வளவு என்பதை உண்பவர் அன்றிப் பரிமாறுபவரே முடிவு செய்வார். இவற்றுக்கெல்லாம் மேலாக எச்சில் என்னும் விலக்கு, அதாவது ஒருவர் வாய் பட்ட பண்டமும் பாத்திரமும் பிறருக்கு ஆகாது என்னும் விதி, தண்ணீர்ச் செம்பைக்கூட அண்ணாந்து குடிக்க வைத்தது. ஆயினும் இவ்விதியின் ஓட்டையைக் கண்டுபிடித்த பெருமை பள்ளிப் பிள்ளைகளைச் சேரும். காக்காய்க் கடி எனப்படும் அம்முறையில், கமர்கட்டையோ மாங்காயையோ சட்டை நுனியில் பொதிந்து, துணியின் மேலாகக் கடித்து உடைத்து, உடைந்த துண்டை நண்பனிடம் நீட்டுவார்கள். துணி இடையில் இருந்தமையால் எச்சில் இல்லை என்பது அதன் சட்ட நிலை. அன்று மாலைக்குள் அந்தச் சட்டை எந்த நிலையை அடைந்திருக்கும் என்பதைச் சட்டம் கேட்டதில்லை. கஃபேயில் வந்து இறங்கும் நான்கு கரண்டிகள் இதே மரபின் வளர்ந்த வடிவம் என்று கொள்வதில் தவறில்லை. முதற் சுற்றில் ஒவ்வொருவரும் தம் பக்கத்து ஓரத்தை மட்டுமே தொடுவர். மூன்றாம் சுற்றில் எந்த ஓரம் யாருடையது, எந்தக் கரண்டி யாருடையது என்னும் இரு கேள்விகளுமே பொருளற்றுப் போயிருக்கும்.

இவ்வழக்கம் பழைய சிற்றுண்டி ஹோட்டல்களில் தோன்றாமற்போனதற்குக் காரணம் இடநெருக்கடி. அங்கே கடைசி வாய் இட்லியை விழுங்குவதற்குள் நாற்காலியின் பின்னால் அடுத்தவர் வந்து நின்று, சாம்பார்க் கிண்ணத்தின் ஆழத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருப்பார். பெங்களூரு பிரிகேட் சாலையில் 1996இல் கஃபே காபி டேயின் முதற்கடை திறக்கப்பட்ட பின்னர் நாடெங்கும் பரவிய கஃபேக்களோ, உண்ணும் இடமாக அன்றி உட்காரும் இடமாகவே அறிமுகமாயின. அங்கு விலைப்பட்டியலில் உள்ள தொகையில் பெரும்பகுதி பண்டத்துக்கு அன்று, நாற்காலிக்கு உரியது என்பதை அனைவரும் அறிவர். காபி தீர்ந்த கோப்பையுடன் நெடுநேரம் அமர்ந்திருப்பவர்களைப் பரிமாறுபவர் மேசையைத் துடைக்கும் சாக்கில் இருமுறை சுற்றி வரும்போது, அவர்கள் இனிப்பு ஒன்றைச் சொல்வது பசியினால் அன்று. அது குடியிருப்பவர் காலம் தவறாமல் செலுத்தும் வாடகை.

வாடகை செலுத்துவது என்று முடிவான பின் நடக்கும் கலந்தாய்வில் இரண்டு வகையினரை வேறுபடுத்தி அறிய வேண்டும். முதல்வகையினர், பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கும் முன்னோர்களின் நேர் வாரிசுகள். தமக்கு வேண்டியதைத் தமக்கென்று கேளாமல், "கார்த்திக்குத்தான் பிரவுனின்னா உயிர், ஒண்ணு சொல்லிடலாம்" என்று அடுத்தவர் பெயரில் விண்ணப்பிப்பர். கார்த்திக்குக்குப் பிரவுனி பிடிக்குமா என்பது இங்கே பொருட்டன்று. அவர் அப்போது கைபேசியில் ஆழ்ந்திருந்தாலே போதுமானது. இரண்டாம் வகையினரை மறுப்பாளர் எனலாம். "எனக்கு வேணாம்டா, வயிறு ஃபுல்லு, சும்மா டேஸ்ட் மட்டும் பாக்குறேன்" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடும் இவர், தமக்குரிய பங்கு இன்னதென வரையறுக்கப்படாத காரணத்தால், மற்ற மூவரின் பங்கிலிருந்தும் தடையின்றி உண்ணும் உரிமையைப் பெறுகிறார்.

மறுப்பாளர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது அறிவியலுக்குப் பொருந்தாது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அச்சுவையின் மீதுள்ள நாட்டம் குறைந்து, வேறு சுவையின் மீதுள்ள நாட்டம் குறையாமல் நிற்பதை 1981இல் பார்பரா ரோல்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் சுவைசார் நிறைவு என்னும் கருத்தால் விளக்கினர். ஆகவே பிரியாணிக்கு வயிறு நிறைந்தவர் கேக்குக்கு நிறையாதவராக இருப்பது இயல்பே. அவருடைய வயிறு நிறைந்திருப்பதும் உண்மை, அவருடைய கரண்டி ஓயாதிருப்பதும் உண்மை.

தட்டு மேசைக்கு வந்தவுடன் எழுவது பங்கீட்டுச் சிக்கல். இதைக் கணித அறிஞர்கள் கேக் வெட்டும் சிக்கல் என்றே பெயரிட்டு, 1940களில் போலந்துக் கணிதவியலாளர் ஹூகோ ஸ்டெயின்ஹவுஸ் தொடங்கிவைத்த காலம் முதல் ஆராய்ந்து வருகின்றனர். எவரும் தம் பங்கைவிட அடுத்தவர் பங்கே மேல் என்று எண்ணாதவாறு பிரிப்பதைப் பொறாமையற்ற பங்கீடு என்பர். இருவர் என்றால் வழி எளிது: ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் தேர்ந்தெடுக்க வேண்டும், அண்ணன் தம்பி உள்ள வீடுகளில் தாய்மார்கள் எந்தக் கணிதமும் படியாமலே கையாளும் முறை இது. மூவர் என்றால், 1960ஐ ஒட்டி ஜான் செல்ஃப்ரிட்ஜும் பின்னர் அவரை அறியாமலே ஜான் கான்வேயும் கண்டுபிடித்த முறைப்படி, ஐந்து வெட்டுகளுக்குள் காரியம் முடிந்துவிடும். நால்வருக்குரிய வரம்புள்ள முறையை 2016இல் ஹாரிஸ் அஸீஸ், சைமன் மெக்கென்ஸி என்னும் இருவர் வெளியிட்டனர். அதற்கு 203 வெட்டுகள் வரை தேவைப்படலாம். உள்ளங்கை அளவே உள்ள ஒரு கேக் துண்டு 203 வெட்டுகளுக்குப் பின் எந்நிலையில் இருக்கும் என்பதை அவர்கள் விளக்கவில்லை. அதைக் கரண்டியால் உண்பதைவிட ஸ்ட்ராவால் உறிஞ்சுவதே எளிதாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.

கணிதம் இவ்வளவு திணறுவதற்குக் காரணம், கேக்கின் எல்லாப் பகுதியும் எல்லாருக்கும் ஒரே மதிப்புடையது அன்று என்பதே. 1970களில் இத்தாலியின் திரெவிசோ நகர உணவகத்திலிருந்து புகழ்பெற்ற டிரமிசுவை எடுத்துக்கொண்டால், காபியில் நனைத்த பிஸ்கட், அதன் மேல் மஸ்கார்போனே என்னும் பாலாடைக் குழைவு, உச்சியில் கோகோத்தூள் என அது அடுக்குகளால் ஆனது. முறையாக உண்பவர் கரண்டியைச் செங்குத்தாக இறக்கி எல்லா அடுக்கையும் சேர்த்து எடுப்பார். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் மேற்குழைவை மட்டும் வழித்துச் செல்லும் ஒருவர் இருந்தே தீருவார். மற்றவர்களுக்கு எஞ்சுவது நனைந்த பிஸ்கட். சாக்லேட் லாவா கேக்கின் நிலை இதைவிட மோசமானது. ஃபிரான்ஸில் மிஷேல் பிராஸ் என்னும் சமையற்கலைஞர் 1981இல், உறைய வைத்த சாக்லேட் கருவை மாவுக்குள் பொதிந்து சுட்டு, வெளியே கேக்காகவும் உள்ளே குழம்பாகவும் இருக்கும் பண்டத்தை உருவாக்கினார். அவர் அதை ஒருவர் உண்பதற்காக உருவாக்கினார் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நால்வர் முன் அது வைக்கப்படும்போது, முதற்கரண்டி எத்திசையில் சுவரை உடைக்கிறதோ அத்திசையில் அமர்ந்திருப்பவருக்கே குழம்பு முழுவதும் பாயும். எதிர்த்திசையில் இருப்பவர் அணைக்கட்டுக்கு மேற்புறம் வயல் வைத்திருப்பவரின் நிலையை அடைவார்.

காலமும் இப்பங்கீட்டுக்கு எதிராகவே நிற்கிறது. 1893ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி அந்நகரின் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் செய்யப்பட்ட இனிப்பு, பிரவுனியின் தொடக்க வடிவங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அப்பிரவுனி நம் ஊருக்கு வந்த பின், பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டில் ஏற்றப்பட்டு, தலையில் வெனிலா ஐஸ்கிரீம் சுமந்து, சாக்லேட் குழம்பு ஊற்றப்பட்டவுடன் புகையும் ஓசையுமாகச் சீறும் சிஸ்லிங் பிரவுனி ஆயிற்று. சூடான இரும்பின் மேல் ஐஸ்கிரீமை வைத்துவிட்டு அதை நிதானமாகப் பங்கிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஏற்கெனவே கடினமான காரியம். இதனிடையே, "யாரும் தொடாதீங்க, ஒரு ரீல்ஸ் எடுத்துக்கறேன்" என்று ஆணையிட்டுக் கைபேசியை உயர்த்தும் நண்பர், ஒளி, கோணம், பின்னணியில் தெரியும் காலிக் கோப்பை ஆகிய மூன்றையும் சரிசெய்து முடிப்பதற்குள் ஐஸ்கிரீம் திரவ நிலையை எய்திவிடுகிறது. படத்தில் அது என்றென்றும் உருகாமல் நிற்கும்.

இவ்வளவு வேகமாகத் தொடங்கும் உண்ணல் இறுதியில் திடீரென நின்றுபோவது வியப்புக்குரியது. கடைசி வாய் என்னும் அளவுக்குப் பண்டம் சுருங்கியதும், அதுவரை ஓரத்துக்கு ஓரம் பாய்ந்த நான்கு கரண்டிகளும் ஒருசேரப் பின்வாங்குகின்றன. "நீ எடுத்துக்கோ", "எனக்குப் போதும் மச்சி", "அவதான் சரியாவே சாப்பிடல" என்று உபசாரம் மேசையைச் சுற்றி வருகிறது. வற்புறுத்தப்பட்டவர் பாதியை மட்டும் எடுத்து மீதியை விட்டுவைக்கிறார். அடுத்தவர் அப்பாதியிலும் பாதியை எடுக்கிறார். பாதியைப் பாதியாக்கிக்கொண்டே சென்றால் முடிவே வராது என்னும் பழைய கிரேக்கத் தத்துவப் புதிர் இவ்வாறு அன்றாடம் செய்துகாட்டப்படுகிறது. இறுதியில் பரிமாறுபவர் வந்து, "எடுத்துக்கலாமா சார்?" என்று தட்டைத் தொடும்போதுதான் மறுப்பாளர் விழித்தெழுந்து, வீணாக்கக் கூடாது என்னும் அறத்தை முன்வைத்து அதை முடித்துவைக்கிறார்.

பில் வந்தபின் எழும் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். செலவைச் சமமாகப் பிரிப்பது என்று முன்கூட்டியே முடிவானால் மனிதர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வரவழைக்கிறார்கள் என்பதை, இஸ்ரேலின் ஹைஃபா நகர உணவகத்தில் நடத்திய சோதனையைக் கொண்டு யூரி க்னீஸி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அச்சோதனையில் ஒரே மேசையில் அமர்ந்தோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். நண்பர்களிடம் இது வேறு வடிவம் கொள்கிறது. ஒருவர் முழுத்தொகையையும் கட்டிவிட்டு, "அப்புறம் ஜிபே பண்ணுங்கடா" என்பார். அந்த 'அப்புறம்' பஞ்சாங்கத்தில் இல்லாத நாள். பங்கீட்டில் தடுமாறுவது நண்பர்கள் மட்டுமல்லர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் மத்திய நிதியமைச்சர் பங்கேற்ற கூட்டத்தில், பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்குள் கிரீமை வைத்தால் அப்போது 18 சதவீதம் என்றிருந்ததால், பன்னையும் கிரீமையும் தனித்தனியே கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதாக ஹோட்டல் உரிமையாளர் ஒருவர் முறையிட்டது நாடெங்கும் பேசப்பட்டது. வரியிலிருந்து தப்புவதற்கு அண்மைக்காலத்தில் முன்வைக்கப்பட்ட யோசனைகளுள் கரண்டியால் செய்து முடிக்கத்தக்கது அது ஒன்றே.

இத்தனை சிக்கல்களுக்கும் ஆளுக்கொரு தட்டு என்பதே எளிய தீர்வு எனத் தோன்றும். அத்தீர்வைக் கைக்கொண்ட மேசைகளைக் கவனித்தால் அதன் குறை விளங்கும். அங்கே ஒவ்வொருவரும் குனிந்து தத்தம் தட்டை நோக்குகின்றனர். எவர் எவ்வளவு எடுத்தார் என்று கண்காணிக்கும் தேவை இல்லாமையால் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. குற்றச்சாட்டும் உபசாரமும் எழ வழியில்லை. சிறிது நேரத்தில் நான்கு தட்டுகளும் காலியாகி, நால்வரும் வண்டிச் சாவியைத் தேடத் தொடங்குகின்றனர். பங்கு போதாத மேசையிலோ ஒரு கேக் ஒரு மாலைப்பொழுது முழுவதற்கும் வருகிறது. "அன்னிக்கு அந்த டிரமிசுல பாதிய நீதானே முழுங்கின" என்னும் வழக்கு பல ஆண்டுகளுக்குப் பின்னும், அவ்வாறு விழுங்கியவரின் திருமண மேடையிலேயேகூட, மீண்டும் விசாரணைக்கு எடுக்கப்படுகிறது. வியன்னாக் கடைகள் சமரசம் செய்துகொண்டதோடு அவற்றின் உறவு முடிந்தது. நண்பர்கள் இத்தகைய வழக்குகளைத் தீர்க்காமல் வைத்திருப்பதே மறுபடி கூடுவதற்கு அவர்களிடம் உள்ள நல்ல காரணம்.

ஆகவே நியாயமான பங்கீட்டை இம்மேசைகளில் புகுத்த முயல்வோர் கணிதத்தின் எச்சரிக்கையைக் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கும் பொருந்தும் முறை ஒன்றையும் அஸீஸும் மெக்கென்ஸியும் அதே ஆண்டில் வெளியிட்டனர். பங்காளிகளின் எண்ணிக்கையை அடுக்குக்குறியாக ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு முறை எழுதினால் கிடைக்கும் எண்ணே அதன் படிகளுக்கு அவர்கள் காட்டிய உச்ச வரம்பு. ஐந்து பேர் என்றால், அவ்வடுக்கில் மூன்று ஐந்துகளை எழுதும்போதே எண் 2,185 இலக்கங்களைத் தொட்டுவிடுகிறது. இன்னும் மூன்று ஐந்துகள் எஞ்சியிருக்கின்றன. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டித் தாமதமாக வந்து சேரும் ஐந்தாம் நண்பருக்காகக் கணிதம் ஏற வேண்டிய உயரம் இவ்வளவு. கஃபேயில், "அண்ணா, இன்னொரு ஸ்பூன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.