கழித்தல் 197

தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியர் ஒருவரின் மாதக் கணக்கை வாங்கிப் பாருங்கள். மருத்துவப்படி 300 ரூபாய் வரவு. மருத்துவக் காப்பீட்டுக்கு 497 ரூபாய் பிடித்தம். ஆக, கிழவன் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று அரசு மாதாமாதம் படும் கவலையின் நிகர மதிப்பு கழித்தல் 197 ரூபாய். இதற்கு நலத்திட்டம் என்று பெயர் வைக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். நிதித்துறைக்கு அது என்றைக்குமே பற்றாக்குறையாக இருந்ததில்லை.

2022 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டம் இது. ஓய்வூதியரும் அவர் துணையும் சேர்ந்து நான்காண்டுக்குள் 5 லட்சம் ரூபாய் வரை நோயாளியாக இருக்கலாம். குறிப்பிட்ட சில பெரிய வியாதிகளைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியம் இருந்தால் 10 லட்சம். இதற்காக 48 மாதத்தில் அவர் கட்டுவது 23,856 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்கோ ஒரு பைசா செலவில்லாமல் ஆண்டுக்கே 5 லட்சம். (அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அது அவர்கள் உரிமை.) டெல்லியும் சும்மா இருக்கவில்லை. 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பாராமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்று 2024 அக்டோபர் 29 அன்று அறிவித்துப் படமும் எடுத்துக்கொண்டது. காசு கட்டாதவர்களுக்கு ஒரு வருடத்துக்குக் கிடைப்பதை, காசு கட்டுகிறவன் நாலு வருடத்துக்கு நீட்டி வைத்துச் சாப்பிட வேண்டும். இதைக் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவரிடமே சொல்கிறார்கள்.

டெல்லியின் நிபந்தனை இன்னும் அழகு. தனியார் கம்பெனியில் பாலிசி வைத்திருப்பவர் அதையும் வைத்துக்கொள்ளலாம், புது அட்டையும் வாங்கலாம். எல்லையில் துப்பாக்கி தூக்கி நின்றவரோ, மத்திய அரசில் கோப்பு தூக்கியவரோ தங்கள் பழைய திட்டம் வேண்டுமா, புதியது வேண்டுமா என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, அட்டை இருக்கிறது. ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் நின்று பாருங்கள்.

"ஐயா, ஹார்ட்டுக்கு நாங்க லிஸ்ட்ல இருக்கோம். கிட்னிக்கு இல்ல."

"ஏம்மா, ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு?"

"அப்ரூவல் வராது ஐயா. அட்வான்ஸ் கட்டிடுங்க, அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்."

அட்வான்ஸ் கட்ட மருமகள் வளையல் அடகுக்குப் போகும். மாரடைப்பு வருகிறவர்கள் பட்டியலைச் சரிபார்த்து, எந்த ஆஸ்பத்திரி எந்த உறுப்புக்கு என்று மனப்பாடம் செய்துகொண்டு, அதற்குப் பிறகு நெஞ்சைப் பிடிப்பது உத்தமம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்பதற்காகச் செலவுத் தொகையை மறுக்காதே என்று உயர்நீதிமன்றம் எத்தனையோ தீர்ப்புகளில் சொல்லியாயிற்று. ஒவ்வொரு தீர்ப்பும் வழக்குப் போட்ட அந்த ஒருவருக்கு மட்டும்தான் என்பது அலுவலகங்களின் சட்ட ஞானம். அடுத்த கிழவர் அடுத்த வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான்.

மாத்திரைக்கு எந்த அட்டையும் செல்லாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆயுள் முழுக்கத் தின்கிற மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்த 300 ரூபாய்க்குள் அடங்க வேண்டுமாம். படுக்கையில் விழுந்தால்தான் காப்பீடு. விழாமல் பார்த்துக்கொள்வது சொந்தச் செலவு.

மகனின் கம்பெனி பாலிசியும் கூட இருந்துவிட்டால் தொலைந்தது. அவர்களுக்கும் ஒரிஜினல் பில் வேண்டும், இவர்களுக்கும் ஒரிஜினல் பில் வேண்டும். நகலைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு திட்டங்களையும் ஒருங்கிணைக்கிற அதிகாரி யாரென்று தேடினால், வாக்கரைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற அந்த நோயாளிதான்.

செலவுத் தொகை கேட்கும் மனு கருவூலத்துக்குப் போய், மாவட்டக் குழுவுக்குப் போய், "மூலப் பட்டியல் இணைக்கப்படவில்லை" என்று திரும்பி வரும். மறுபடி போகும். அதுவரை மனுதாரர் உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் நேர்காணலில் அதை நிரூபிக்கவும் வேண்டும். நடக்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை எடுத்துக்கொள்வார். கட்டணம் 70 ரூபாய்.