மெட்டுக்கு மெட்டு

போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்குலூத்து மெட்டு, ராமக்கல்மெட்டு... உங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் மெட்டுதானா? (திண்டுக்கல்)

ஆமாம், அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏறி முடித்து, அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும் மலை விளிம்புக்கு மெட்டு என்று பெயர். தேவாரத்தில் நின்று மேற்கே பாருங்கள். ஊருக்குச் சுற்றுச்சுவர் எடுத்த மாதிரி மலை நிற்கும். அந்தச் சுவரில் நம் முன்னோர் காலால் நடந்து நடந்து திறந்த வாசல்களே இந்த மெட்டுகள். தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த மண். கண் விழித்தால் மெட்டு தெரிகிற ஊரில் பிறந்த பிள்ளை மெட்டுப் போடாமல் வேறு என்ன செய்யும்?

தேவாரத்தில் பார்க்க வேண்டிய இடம் எது? (விருதுநகர்)

மேற்குத் திசை.

சைக்கிள் இப்போதுதான் பழகுகிறேன். மேடு பள்ளம் அதிகம் இல்லாமல், பச்சையாக ஒரு பாதை சொல்லுங்கள். (சின்னமனூர்)

இரண்டு சொல்கிறேன். முதலாவது, 18ஆம் கால்வாயை ஒட்டிய ஊர்கள். லோயர்கேம்பில் பிரியும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் மலை அடிவாரத்தை ஒட்டியே கோம்பை, தேவாரம் பக்கத்துக் கண்மாய்களுக்கு வருகிறது. கரையில் முடிந்த இடத்தில் கரை, முடியாத இடத்தில் ஊர்ச்சாலை என்று மாறி மாறிப் போங்கள். தண்ணீர் ஓடும்போது இறங்கிக் குளிக்க ஆசைப்படாதீர்கள். கால்வாய்க்குள் இறங்குவது சுலபம், ஏறிவருவது கஷ்டம்.

இரண்டாவது என் செல்லப் பாதை: போடியிலிருந்து குரங்கணி, சுமார் 16 கிலோமீட்டர். கொட்டகுடி ஆறு கூடவே வரும். ஆறு உங்களைப் பார்த்து இறங்கும், நீங்கள் ஆற்றைப் பார்த்து ஏறுவீர்கள். மாந்தோப்பும் தென்னையும் மாறி மாறி வரும். இடையிடையே இலவமரம். பங்குனி, சித்திரையில் நெற்று வெடித்துப் பஞ்சு காற்றில் பறக்கும். தார்ச்சாலை ஓரத்தில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். இலவு காத்த கிளியின் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தக் கிளி ஏமாந்த இடத்தை இங்கே நேரில் பார்க்கலாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மலையின் நிழலிலேயே திரும்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். மலை இருப்பது மேற்கே. காலை வெயில் முதுகில் விழும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர் சைக்கிள் வாங்கட்டுமா, சாதா சைக்கிள் போதுமா? (ஆண்டிபட்டி)

முதலில் பிரேக் கட்டை புதிதாக வாங்குங்கள்.

போடிமெட்டுக்குச் சைக்கிளில் ஏறுவது என் லட்சியம். வாழ்த்துவீர்களா? (மதுரை)

மனமார வாழ்த்துகிறேன். முந்தலைத் தாண்டியதும் மலை ஆரம்பம். 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். கீழே வேர்த்துக் கொட்டும். மேலே பல் தந்தியடிக்கும். ஒரே நாளில் இரண்டு பருவம் பார்க்க வேறு எங்கே முடியும்? வழியில் புலியூத்து அருவியில் தண்ணீர் விழுந்தால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

ஏறுவதை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் இறங்குவதை நினைத்துத்தான் பயப்படுகிறேன். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தின் விளிம்பு கொதித்துவிடும். வளைவுக்கு முன்னால் அழுத்துங்கள், வளைவுக்குள் விடுங்கள். இது கொச்சி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை. லாரியும் ஏலத்தோட்டத்து ஜீப்பும் ஓய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாறை உருளும். அப்போது லட்சியத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

டாப் ஸ்டேஷன் என்கிறார்கள். ஸ்டேஷன் சரி, ரயில் எங்கே? (தேனி)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! ரயில் இருந்தது. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அது குட்டி ரயில் பாதையானது. அதன் மேல்கோடி நிலையம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து மலை தலைகுப்புற விழுகிறது. ரயில் இறங்க வழியில்லை. தேயிலைக்காரர்கள் விட்டார்களா? உச்சியிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடி வரை இரும்புக் கயிறு கட்டி, தேயிலைப் பெட்டிகளை அந்தரத்தில் தொங்கவிட்டு இறக்கினார்கள். அங்கே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். நடுவழியில் ஒரு நிலையம். இன்றும் அந்த மலைக் கிராமத்துக்கு 'சென்ட்ரல்' என்றே பெயர்.

1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்று ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மதுரை–போடி ரயில் வந்ததோ 1928இல். மலைக்கு மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில். நாலு வருஷ வித்தியாசத்தில் இரண்டும் முகம் பார்க்காமலே போயின. போடி ரயிலுக்கும் சோதனை தீரவில்லை. உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு திரும்ப வந்தது. 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15 அன்று மறுபடி வந்தது. அன்றைக்கே சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு ரயிலும் விட்டார்கள். ஆக, சென்ட்ரலில் ரயில் ஏறி, போடியில் இறங்கி, குரங்கணி போய், வனத்துறை அனுமதியோடு சென்ட்ரலுக்கு நடக்கலாம். சென்ட்ரலிலிருந்து சென்ட்ரலுக்கு! இந்தியாவில் இப்படி ஒரு பயணம் வேறு எந்த ஊருக்கு வாய்க்கும்?

மழைக்காலத்தில் அட்டை கடிக்குமே? (பெரியகுளம்)

கடிக்கும். காலுறைக்கு மேலே உப்போ புகையிலைத் தூளோ தடவுங்கள். உங்கள் ரத்தத்தில் அது எடுப்பது கொஞ்சம்தான்.

யானை வந்தால் என்ன செய்வது? (உத்தமபாளையம்)

அதன் இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம் என்பதை நினைத்து, வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். தேவாரம் அடிவாரத் தோட்டங்களில் தந்தமில்லாத ஆண் யானை, மக்னா, நடமாடி மனித உயிர்களைப் பலிகொண்டதை ஊரே அறியும். பொழுது சாய்ந்தபின் தோட்டத்துப் பாதையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மலையில் காதுதான் முதல் பாதுகாப்பு.

ஏலக்காய் எந்த மரத்தில் காய்க்கும்? (சிவகாசி)

மரமே இல்லை, செடி, இஞ்சிக்கு உறவு. ஆளை மறைக்கும் உயரத்துக்குத் தழை வளரும். வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து காயைத் தேடுவார்கள். காய் இருப்பது காலடியில். தூரிலிருந்து ஒரு சரம் கிளம்பி மண்ணை ஒட்டிப் படரும். அதில் வெள்ளைப் பூ. பூவின் நாக்கில் ஊதா நிறக் கோடுகள். அந்தச் சரத்தில்தான் பச்சைக் காய். எடுக்கிறவர் ஈரத்தில் குந்தி உட்கார்ந்து, தழையை ஒதுக்கி, விளைந்த காயை மட்டும் விரலால் தடவிக் கிள்ள வேண்டும். பிஞ்சைத் தொட்டால் அடுத்த எடுப்பு போச்சு. நாள் முழுக்க அதே உட்கார்வில் நகர்ந்து நகர்ந்து போவார்கள். அடுத்த முறை டீயில் ஏலக்காய் மணந்தால், அந்த முழங்காலை ஒரு நிமிஷம் நினையுங்கள்.

மூணாறு போகலாமா, குரங்கணி போகலாமா? (கோவை)

கூட்டம் பிடிக்குமென்றால் மூணாறு.

குரங்கணித் தீக்குப் பிறகு மலை ஏறவே பயமாக இருக்கிறது. பயப்படுவது சரியா? (சென்னை)

சரிதான். அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் இளம் வயது. இதில் எனக்கு விளையாட்டுப் பேச்சு வராது.

மாசி, பங்குனியில் இந்தச் சரிவுகளில் ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கும். தீ பிடித்தால் மேல்நோக்கித்தான் பாயும். சரிவு கூடக்கூட அதன் வேகமும் கூடும். மேலிருக்கும் புல்லைத் தொடும் முன்பே சூடு அதைக் காய்ச்சித் தயாராக வைத்துவிடும். ஓடைப் பள்ளம் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் காய்ந்த பள்ளம் புகைபோக்கி மாதிரி தீயை உறிஞ்சி இழுக்கும். தீயைக் கண்டால் உச்சியை நோக்கி ஓடாதீர்கள். புல் இல்லாத பாறையையோ, ஏற்கெனவே எரிந்து கரியான தரையையோ, தண்ணீரையோ தேடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த மாதங்களில் போகவே வேண்டாம். அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளை முன்பதிவோடு திறந்தது. குரங்கணி–சாம்பலாறும் அதில் ஒன்று. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். தீக்காலத்தில் பாதையை மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கும் பாதைக்குக் குறுக்கு வழி காட்ட யாராவது முன்வந்தால், அவர் உங்கள் நண்பர் இல்லை.

என் அம்மா சாக்குலூத்து மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு நடந்தே வேலைக்குப் போனவர். ஊர் ரோடு கேட்கிறது. நீங்கள் ஒற்றையடிப் பாதையின் அழகைப் பாடுகிறீர்கள். நீங்கள் யார் பக்கம்? (கோம்பை)

உங்கள் அம்மா பக்கம். தேவாரத்திலிருந்து மெட்டு ஏறினால் உடும்பஞ்சோலைத் தோட்டங்கள். வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போக வேண்டும். அந்த ரோட்டுக்காக ஊர் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. ரோடு வந்தால் காடு வெட்டுப்படும் என்பதும் நிஜம், கூலிக்குப் போகிறவரின் கால் வலி அதைவிட நிஜம். ரோடு முடிவாகும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்த நடைபாதையில் வழுக்கும் இடத்தில் கல் பாவலாம். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, குடிக்கத் தண்ணீர், முதலுதவிக்கு ஓர் ஆள் போடலாம். இதற்கு ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம்.

அழகுக்காக நடக்கிற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பாதைகளைப் போட்டது நாம் இல்லை. தலையில் சுமையோடு போனவர்களின் கால்கள். எதிரே சுமையோடு ஒருவர் வந்தால், பள்ளத்துப் பக்கம் அவரைத் தள்ளாமல், நீங்கள் நின்று அவருக்கு மலைப்பக்கத்தை விடுங்கள். அவர் கடந்தபிறகு நடங்கள்.