கத்தாழைத் துப்பறிவாளர்

காலை லோக்கலில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அரக்கோணத்தில் ஏறியதும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிடுவார். திருவள்ளூர் வருவதற்குள் வாய் திறந்துகொள்ளும். டிபன் பை மெல்லச் சரிந்து பக்கத்து மடிக்குக் குடிபோகும். யாராவது தோளைத் தொட்டு “சார், அம்பத்தூர் வந்துடுச்சு” என்றால் தூக்கிவாரிப்போட்டு எழுவார். எழுப்பியவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். காதுக்குக் கீழே, கழுத்தைப் பார்ப்பார். செவுள் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

தப்பாக நினைக்க வேண்டாம். ராத்திரி இரண்டரை வரைக்கும், ஜனத்தில் ஒரு பகுதி மீன் முகத்தோடு நடமாடும் ஓர் ஊரில் துப்பறிந்துவிட்டு வந்திருக்கிறார். எழுப்பியவர் எந்தப் பகுதி என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

கத்தாழை என்ற பட்டத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் 1890-இல் பிறந்து, 46 வயதில், கையில் காசில்லாமல் செத்துப்போன லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளர் 1928-இல் ஒரு மலிவுப் பத்திரிகையில் ஒரு கதை வெளியிட்டார். அதில் ஒரு சாமி. ஆக்டோபஸ் தலை, முதுகில் இறக்கை, பசிபிக் கடலடியில் தூக்கம். எழுந்தால் உலகம் அவ்வளவுதான். அதன் ஆங்கிலப் பெயரில் முதல் மூன்று எழுத்தும் மெய்யெழுத்து. மனிதத் தொண்டையால் அதைச் சரியாகச் சொல்லவே முடியாது என்று எழுதியவரே கைவிரித்துவிட்டார். க்துல்ஹு என்று சொல்லிப் பார்க்கலாம். மெய்யில் சொல் தொடங்கக் கூடாது என்று தொல்காப்பியர் காலத்திலேயே கதவைச் சாத்திவிட்ட மொழி இது, உள்ளே விடுமா? துப்பறிவாளரின் அம்மா ஒரே நாளில் தீர்த்துவைத்தார்: “ராவெல்லாம் இந்தக் கத்தாழை கேம் ஆடினுகீறான்.”

அவர் ஆடுவது தி சிங்கிங் சிட்டி. உக்ரைன்காரர்களின் ஃபிராக்வேர்ஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்டது. சார்லஸ் ரீட் என்ற தனியார் துப்பறிவாளர், வெள்ளத்தில் பாதி மூழ்கிய ஓக்மான்ட் என்ற ஊருக்கு வந்து, தன்னை ஏன் கெட்ட கனவு துரத்துகிறது என்று விசாரிக்கிறார். தெருவுக்குத் தெரு படகில் போக வேண்டும். இதை முதல்முறை பார்த்தபோது நான் அசரவில்லை. நல்ல மழைக்கு அரக்கோணத்து இரட்டைக்கண் வாராவதியைத் தாண்டிப் போயிருப்பவர் யாரும் அசர மாட்டார்கள்.

நமக்குத் துப்பறியும் கதை புதிதல்ல. பக்கத்து ஆரணியின் குப்புசாமி முதலியார் நூறு வருஷத்துக்கு முன்பே சீமை மர்ம நாவல்களுக்கு வேட்டி கட்டிவிட்டவர். ஆனால் நம் கதைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. பாழடைந்த பங்களாவில் வெள்ளையாக ஓர் உருவம் நடமாடும். கடைசி அத்தியாயத்தில் துணியை உருவினால் உள்ளே சொத்துக்கு ஆசைப்பட்ட பங்காளி. போலீஸ் ஜீப் வரும், சுபம். சீமைக் கத்தாழையில் வரிசை தலைகீழ். முதலில் பங்காளியைத்தான் பிடிப்பார்கள். அவன் துணியை உருவினால் உள்ளே ஆக்டோபஸ். போலீஸ் வராது. துப்பறிகிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நம்மாளுக்கு இந்த விளையாட்டில் பெருமை எதில் என்றால், விலாசம் கண்டுபிடிப்பதில். இன்ன இடத்துக்குப் போ என்று அம்புக்குறி போட்டுக் காட்டாது அது. இன்ன தெருவுக்கும் இன்ன தெருவுக்கும் நடுவே, இன்ன பேட்டை என்று துண்டுச்சீட்டில் இருக்கும். வரைபடத்தை விரித்து நாமே குறிக்க வேண்டும். அடுத்தது ஆவணக் கிடங்கு. போலீஸ், ஆஸ்பத்திரி, பத்திரிகை ஆபீஸ், நகராட்சி என்று ஒவ்வொன்றிலும் பழைய காகிதம் மலையாகக் கிடக்கும். எந்தக் காலம், எந்தப் பேட்டை, என்ன குற்றம் என்று சரியாகக் குறித்துக் கேட்டால்தான் கோப்பு கிடைக்கும். சுருக்கமாகச் சொன்னால் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுவதுதான். பின்னணி இசை மட்டும் கூடுதல். இதில் இவர் புலி. முன்பின் தெரியாத ஓக்மான்ட்டில் யாருக்கு யார் கள்ளப் பிள்ளை என்பது வரைக்கும் இவருக்கு அத்துப்படி.

இப்படிப்பட்டவரிடம் வீட்டுக் கடனுக்காக ஒரு வங்கி மூலப்பத்திரம் கேட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் கவிழ்த்தார். பரண் ஏறினார். 2004-ஆம் வருஷத்து கரண்ட் பில் கிடைத்தது, யாருடையதோ ஜாதகம் கிடைத்தது, பத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: “உங்கப்பா போட்டோக்குப் பின்னால இன்னா இருக்குதுன்னு பாத்தியா?” அங்கேதான் இருந்தது. பத்தொன்பது வருஷமாகத் தினமும் அந்தப் போட்டோவைக் கும்பிட்டுவிட்டுத்தான் ரயிலுக்குப் போகிறார்.

ரயிலில் அவர் பேச்சுக்கு மயங்காதவர் ஒருவர்தான். ராணிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து ஏறும் தோல் கம்பெனி ஆசாமி. லவ்கிராஃப்ட்டின் இன்னொரு கதையை நம்மாள் ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வானத்திலிருந்து ஒரு கல் விழுகிறது, பெயரில்லாத ஒரு நிறம் கிணற்றில் இறங்குகிறது, பயிர் கருகுகிறது, குடும்பமே நாசம். ஆசாமி வேர்க்கடலையை உரித்தபடி கேட்டார்: “இதுக்கு எதுக்குங்க வானத்துலேர்ந்து கல்லு? எங்கூர்ல குரோமேட் ஃபேக்டரிய மூடினு போனாங்க. லட்சம் டன்னுக்கு மேல கழிவு அப்டியே கீது. தண்ணி மஞ்சளா வருது. 1996-லயே தோல் கழிவுக்கு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, தெரியுமா?” அன்று அம்பத்தூர் வரைக்கும் துப்பறிவாளர் தூங்கவில்லை.

இந்த விளையாட்டில் உயிருக்கு ஒரு கோடு, மூளைக்கு ஒரு கோடு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் மூளைக் கோடு இறங்கும். சுவர் நெளியும், இல்லாத உருவம் பாயும். மருந்து போட்டால் ஏறும். 1981-இல் தாயக்கட்டை உருட்டி ஆடும் ஒரு லவ்கிராஃப்ட் விளையாட்டில் சாண்டி பீட்டர்சன் ஏற்படுத்திய கணக்கு இது. கோடு இறங்கிவிட்டது என்று மகன் தூக்கத்தில் உளறியதைக் கேட்ட அம்மா, வடாற்காட்டுத் தாய்மார்கள் எல்லாரும் எடுக்கும் முடிவையே எடுத்தார். சோளிங்கர். பேயோ பிரமையோ, தக்கான் குளத்தில் முங்கிச் சின்ன மலை ஆஞ்சநேயரையும் பெரிய மலை நரசிம்மரையும் சேவித்தால் தெளியும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ரோப் கார் வந்துவிட்டது என்று நம்மாள் கெஞ்சினார். வேண்டுதல் படிக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். பெரிய மலைக்கு 1,305 படி.

மேலே போய் மூச்சு வாங்கியதும் அம்மாவுக்கு அந்தக் கடல் சாமியின் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்டது ஒன்றுதான்:

“அதுக்கு எதுனா படைப்பாங்களா?”

“மனுஷனையே படைப்பாங்கம்மா.”

“அதான் கெட்டுப்போச்சு. ஒரு வாட்டி பொங்க வெச்சிருந்தா அடங்கியிருக்கும்.”

எனக்கு இது இலக்கிய விமர்சனமாகவே படுகிறது. ஆக்டோபஸ் முகத்தைப் பார்த்ததும் அமெரிக்கத் துப்பறிவாளருக்குப் புத்தி பேதலிக்கிறது. நாமோ தூணைப் பிளந்து சிங்க முகத்தோடு வந்து குடலை மாலையாகப் போட்டுக்கொண்ட தெய்வத்துக்குப் பானகம் கரைத்துக் கொடுத்துப் பழகியவர்கள். முகம் மனித முகமாக இல்லை என்பதற்காக இங்கே யாரும் மயங்கி விழுவதில்லை. எதற்குக் கொழுக்கட்டை, எதற்கு வடைமாலை என்றுதான் விசாரிப்போம்.

கடல் பயம் மட்டும் அவரிடம் மிச்சமிருக்கிறது. அதற்கும் ஊரிலேயே தைரியம் வைத்திருக்கிறார். 1992-இல் தொடங்கிய கடற்படை விமானதளம் ஐ.என்.எஸ். ராஜாளி இங்கேதான் இருக்கிறது. கடலுக்கடியில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் 2013 முதல் இங்கிருந்து பறக்கின்றன. அந்த ரக விமானத்துக்கு அமெரிக்காவில் வைத்த பெயர் பொசைடன், கிரேக்கர்களின் கடல் தெய்வம். வங்கக் கடலில் எது புரண்டு படுத்தாலும் முதல் தகவல் அரக்கோணத்துக்குத்தான் என்பது இவர் கட்சி. ராத்திரி விமானம் தலைக்கு மேல் உறுமினால் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காது கொடுப்பார், அப்புறம் நிம்மதியாகத் தொடர்வார்.

கேமை முடித்தும்விட்டார். மூன்று முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மூன்றும் உருப்படாத முடிவு. அவர் மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, “எதைப் பண்ணாலும் விடியாதுன்னா எதுக்குங்க ரெண்டு மாசம் கண்ணு முழிச்சீங்க?” என்று கேட்டார். அதற்குப் பதிலாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

போன ஆடியில் எங்கள் வீட்டில் ராத்திரி பதினொன்றுக்கு காஸ் தீர்ந்துபோய், ஸ்பானர் கேட்டு அவர் கதவைத் தட்டினேன். உள்ளே எழுந்த அலறலில் தெருவே விளக்குப் போட்டது. கதவைத் திறந்தவர் நேரே என் கழுத்தைப் பார்த்தார்.

எங்கள் அரக்கோணம் வின்டர்பேட்டைப் பக்கம் ராத்திரியில் வர வேலையிருப்பவர்கள் தயவுசெய்து போன் பண்ணிவிட்டு வரவும். மப்ளர் கட்டிக்கொண்டு வர வேண்டாம்.