ரோதைமுனிக்கு லொறியில் இடமில்லை

(றொசல்லப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை. உள்ளே பழைய ரோலர், வாசலில் லொறி. பேசுபவர்கள்: பழம்பொருள் சேகரிக்கும் அதிகாரி, அந்த ரோலரோடு காலம் தள்ளிய பெரியவர்.)

அதிகாரி: பெரியவரே, இந்த ரோலருக்கு யோகம். நேரே அருங்காட்சியகத்துக்குப் போகிறது!

பெரியவர்: சந்தோசமுங்க. சேவைக்காலப் பணத்துக்கு நான் நடையா நடந்தேன். இதுக்கு வாசலுக்கே லொறி வந்திருக்கு.

அதிகாரி: கண்டி ஹந்தானைக்குப் போயிருக்கிறீர்களா? 1925இல் கட்டிய தொழிற்சாலை. பாழடைந்து கிடந்ததை 2001இல் தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் அருங்காட்சியகமாகப் புதுப்பித்தன. பழைய இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள், உச்சி மாடியில் உணவகம்!

பெரியவர்: டெய்லர் துரையா? 1867இல லூல்கந்துரயில 19 ஏக்கர் தேயிலை போட்டவரு. காடு வெட்டி, குழி வெட்டி, கொழுந்தும் எடுத்தாராக்கும், தனி ஆளா!

அதிகாரி: அது வேறு பிரிவு. இதைச் சாக்குச் சுற்றி, பலகை அடித்து ஏற்ற வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் ஒரு கீறல் படக் கூடாது.

பெரியவர்: எங்க முப்பாட்டன்மார் தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க. சாக்குச் சுத்த ஆளில்ல. 2023இல, நாங்க இங்க வந்து 200 வருச நினைவுன்னு பிள்ளைங்க அந்தப் பாதையில மறுபடி நடந்துச்சுங்க.

அதிகாரி: (படிவத்தை நிரப்பியபடி) தயாரிப்பு: மார்ஷல், கெயின்ஸ்பரோ, இங்கிலாந்து. வகை: ஜாக்சன். வேலை: வாடிய கொழுந்தை முறுக்குதல். உதிரியாக ஏதும் உண்டா?

பெரியவர்: ரோதைமுனி இருக்காரு. கை கால் மிசின்ல மாட்டக் கூடாதுன்னு வருசா வருசம் சேவல் அறுத்துக் கும்பிட்ட சாமி. அவரையும் ஏத்துங்க.

அதிகாரி: முனிக்குத் தொடர் இலக்கம் இல்லையே!

பெரியவர்: "பாதுகாப்புக் கருவி"ன்னு எழுதிக்குங்க. எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான்.

அதிகாரி: நூறு வருடப் பொருளைக் காப்பது நம் கடமை.

பெரியவர்: நாங்க குடியிருக்கிற லயத்துக்கும் நூறு தாண்டிருச்சுங்க.

அதிகாரி: அதையும் விடவில்லையே! கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினார்கள். உங்கள் முன்னோரின் கருவிகள், பாத்திரங்கள் எல்லாம் உண்டு.

பெரியவர்: நல்ல காரியம். அந்த லயத்தைப் பார்க்கப் போறவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாங்க. எங்க லயத்துல இருக்கிறவங்களுக்கு அதுதான் வீடு.

அதிகாரி: சரி, லொறி புறப்படணும். பெயர்ப்பலகையில் என்ன எழுதலாம்?

பெரியவர்: மார்ஷல் பேரை எழுதுங்க, ஜாக்சன் பேரை எழுதுங்க. அதுக்குக் கீழ இதை ஓட்டினவங்க பேரையும் எழுதுங்க. தேடி அலைய வேணாம், எல்லாப் பேரும் வருகை பதியிற செக்ரோல்ல இருக்கு. அரை நாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடணுமேன்னு ஒரு நாள் விடாம எழுதி வெச்சிருக்காங்க.