கலோரிக் கணக்கும் கரண்டிக் கணக்கும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

உடம்பு இளைக்க வேண்டிக் கலோரி எண்ணுகிறவருக்கு, நாள் செல்லச் செல்ல அந்த வேலை எளிதாகுமா ஆகாதா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். எளிதாகும் என்பார் ஒரு சாரார். முதல் வாரம்தான் பாடு, பிறகு கை தானாகப் பழகிவிடும் என்பது அவர்கள் கட்சி. முதல் வாரம்தான் உற்சாகம், பிறகு வெறுத்துப்போகும் என்பார் மறு சாரார். இரு சாராரும் ஒரே பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிறவர்கள். நடை முடிந்ததும் ஒரே கடையில் நின்று மெதுவடை சாப்பிடுகிறவர்கள். ஆகவே இரு தரப்புச் சான்றுகளையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருக்கிறது.

ஆய்வு எல்லை

ஆய்வாளரின் அக்கா வீட்டுக்காரரே இவ்வாய்வின் எல்லை. அந்த எல்லை விரிந்துகொண்டே போனதுதான் ஆய்வுக்குக் காரணம். திருச்சி உறையூர்வாசி, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், இனி 'மச்சான்' என்று சுட்டப்படுவார். சர்க்கரை வாசற்படியில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, வாய்க்குள் போவதையெல்லாம் அதில் பதிந்து வருகிறார். பணியில் இருந்த காலத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் கணக்கு டேலி ஆகும்வரை வீட்டுக்குக் கிளம்பாதவர். எனவே எண்ணத் தெரியாமல் திணறினார் என்ற வாதம் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யப்படுகிறது.

முன்னோர் முடிபு

இத்துறையின் மூலவர் வில்பர் அட்வாட்டர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற ஊரில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர். 1890களில் ரோசா என்ற இயற்பியலாளரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெட்டி செய்தார். நாலடி அகலம், ஏழெட்டடி நீளம், உள்சுவர் செம்பு. அதற்குள் ஓர் ஆளை நாள்கணக்கில் இருத்தி வைத்தார். படுக்க, உட்கார, எழுத உள்ளேயே வசதி. எடை போட்ட உணவு ஒரு சிறு திறப்பு வழியாக உள்ளே போனது. வெளியே வந்ததையும் எடை போட்டார்கள். மூச்சை அளந்தார்கள், உடம்புச் சூட்டை அளந்தார்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்று பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் அச்சாகும் கணக்கு அட்வாட்டரின் உழைப்பில் விளைந்தது.

இத்துறையில் எழுதிய எவரும் போதிய அளவு கவனிக்காத ஒரு செய்தியை ஆய்வாளர் இங்கே முன்வைக்க விரும்புகிறார். அந்தப் பெட்டிக்குள் அக்கா இல்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கங்க" என்று சொல்ல யாருமே இல்லை. இது ஆய்வின் பிற்பகுதியில் பயன்படும்.

அட்வாட்டரின் எண்களைப் பெட்டியிலிருந்து சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918இல் வெளிவந்த அவருடைய நூல் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. ஒரு துண்டு ரொட்டி என்று இனிமேல் சொல்லக் கூடாது, 100 கலோரி ரொட்டி என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. தான் எப்போதும் எண்ணிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்பதையும் அந்த அம்மையார் மறைக்கவில்லை. எளிதாகிவிடும் என்று ஆசை காட்டியவர்கள் பின்னால் வந்தவர்களே.

தமிழ் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. அதே 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயக் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வகம்தான் பிற்பாடு ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்காரிசன் எலிகளைப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரச் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்றவை நன்றாகத் தேறின. மதராஸி சாப்பாடு தின்றவை கடைசியில் நின்றன. மதராஸி சாப்பாட்டால் இளைத்த உயிர்கள் என்று ஆய்வாளர் கேள்விப்பட்டவை இன்றுவரை அந்த எலிகள் மட்டுமே. அவருக்குப் பின் குன்னூரில் தலைமையேற்ற அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். போதிய சாப்பாடு இல்லாதவர்களுக்கு எது எவ்வளவு சேர வேண்டும் என்று வகுக்கப் பயன்பட்ட பட்டியல் அது. அந்தக் கணக்கின் வாரிசைத்தான் மச்சான் கையில் வைத்துக்கொண்டு, தட்டில் எதை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறார்.

நம் சிக்கலுக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வும் ஒன்று உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் ஹார்வியும் அவருடைய குழுவும் 2019இல் வெளியிட்டது. 142 பேர், 24 வாரம். முதல் மாதத்தில் சாப்பிட்டதைக் குறித்துவைக்க ஒரு நாளைக்குச் சராசரி 23 நிமிடம் ஆனது. ஆறாம் மாதத்தில் அது 15 நிமிடத்துக்குக் கீழே வந்துவிட்டது. அடிக்கடி குறித்தவர்களே கூடுதலாக இளைத்தார்கள். ஆகவே எளிதாகும் என்ற கட்சிக்கு வெர்மான்ட் சாட்சி சொல்கிறது. உறையூர் என்ன சொல்கிறது?

கள ஆய்வு

தொடக்கத்தில் மச்சான் பட்ட பாடு உண்மையானது. சமையலறைக்கு ஒரு சிறு தராசு வந்தது. சட்னியை அதில் வைத்தால் கிண்ணத்தின் எடையைக் கழிக்க வேண்டும். கழிப்பதற்குள் தோசை ஆறிவிடும். செயலியில் 'இட்லி' என்று அடித்தால் எந்த இட்லி என்று அது திருப்பிக் கேட்டது. சிறியதா, நடுத்தரமா, பெரியதா? ஆளுக்கொன்றாய் யார் யாரோ ஏற்றிவைத்த இட்லிகள் நாற்பதிலிருந்து எழுபது கலோரிவரை வரிசைகட்டி நின்றன. மச்சான் அவற்றுள் அறுபதைத் தேர்ந்தெடுத்தார். கூட்டுக்கும் பொரியலுக்கும் எண்ணே கிடைக்காமல் 'வெஜிடபிள் கறி' என்று ஏதோ ஒரு வடநாட்டுப் பதிவில் போய் ஒண்டிக்கொண்டார்.

பிறகு எளிதாயிற்று. இதை மறுக்க ஆய்வாளருக்கு வழியில்லை. காரணம் மச்சானின் மனவலிமையன்று, அக்காவின் சமையல் முறை. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் உப்புமா என்று வாரம் திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் சுற்றும் வீட்டில், போன வாரப் புதன்கிழமையை அப்படியே நகலெடுத்து இந்த வாரப் புதன்கிழமையில் ஒட்டினால் வேலை முடிந்தது. வெகு சீக்கிரமே தராசு பரணுக்குப் போயிற்று. கைபேசியைப் பாராமலே "ரெண்டு இட்லி நூத்தி இருபது, காபி எண்பது" என்று ஒப்பிக்கத் தொடங்கினார். தேர்ச்சி முற்றியபோது அவருடைய கண் பிறர் தட்டுக்குத் தாவியது. ஒரு காதுகுத்து விழாப் பந்தியில் ஆய்வாளரின் இலையைப் பார்த்து, "மாப்ள, அது அறுநூறு தாண்டிருச்சு" என்றார். பிறர் இலையை எண்ணுவதே இக்கலையில் மிக எளிய பகுதி என்பது அன்று உறுதிப்பட்டது.

ஆனால் எடை அசையவில்லை.

இந்த முரணை விளக்க ஆய்வாளர் ஒரு நாள் காலை மச்சானுக்கு எதிரே அமர்ந்து, அவர் சாப்பிடுவதைக் கூர்ந்து நோக்கினார். தட்டில் இரண்டு இட்லி. பக்கத்தில் மிளகாய்ப்பொடி. அக்கா வந்து பொடிக் குவியலின் நடுவே விரலால் ஒரு குழி பறித்தார். நல்லெண்ணெய்ப் பாத்திரத்தைச் சாய்த்தார். எண்ணெய் குழியை நிறைத்து, கரை உடைத்து, இட்லியின் அடியில் ஓடிப் புகுந்தது. அக்கா இன்னும் சாய்த்தார். மச்சான் கைபேசியில் பதிந்தது: இட்லி 2. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம். அட்வாட்டர் வாய்பாட்டின்படி 126 கலோரி. அதாவது தட்டில் நான்கு இட்லி இருந்தன. இரண்டு கண்ணுக்குத் தெரியும் வடிவில் இருந்தன.

"எண்ணெயை ஏன் எழுதலை மச்சான்?"

"அது தொட்டுக்கதானே!"

தொட்டுக்கொள்வதற்குக் கலோரி இல்லை என்பது செயலியில் எங்கும் சொல்லப்படாத, ஆனால் வீடுதோறும் வழங்கும் விதி. தாளிப்பு, அப்பளம், பிள்ளைகள் மிச்சம் வைத்த முறுக்கு, கோயில் சர்க்கரைப் பொங்கல் ஆகியவையும் இவ்விதியில் அடங்கும். பிரசாதத்தை எண்ணுவது தெய்வ நிந்தனை என்று மச்சான் கருதுகிறார். அதற்குள் ஆய்வாளர் புக விரும்பவில்லை. இதில் உறையூர் தனித்து நிற்கவும் இல்லை. 1992இல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இளைக்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரைச் சோதித்தார்கள். சாப்பிட்டதைச் சராசரி 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தது தெரியவந்தது. வேண்டுமென்றே புளுகினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. தொட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆக, எண்ணுதல் எளிதாவது இட்லியில். இட்லி என்றைக்குமே ஆபத்தான பண்டமாக இருந்ததில்லை. குழியில் ஊற்றிய எண்ணெய் முதல் நாளும் கடினம், ஆயிரமாவது நாளும் கடினம்; ஏனென்றால் அது சாப்பிடுகிறவர் கையிலிருந்து விழுவதில்லை. கலோரிக் கணக்கு, தன் தட்டில் தானே எடுத்துவைத்துத் தின்னும் ஆளுக்காகப் பிறந்த கணக்கு. பரிமாறப்படுகிறவருக்கு அது பாதிதான் செல்லும்.

மறுப்பு

அப்படியானால் பரிமாறுகிறவரே எண்ணலாமே எனின், அவர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார் என்க. அக்கா அரிசியை ஆழாக்கால் அளப்பவர். இன்றைக்கு யார் வீட்டில், யார் வெளியில், யாருக்கு வயிறு சரியில்லை என்பதெல்லாம் அந்த ஆழாக்குக்குள் போய்விடும். அதற்கு மேல், திடீரென்று யாராவது வந்தால் என்று ஒரு பிடி. யாரும் வராத நாளில் அந்த ஒரு பிடி யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்த்தால், கடைசியாக உட்காரும் அக்காவின் வயிற்றுக்கு. வீணாகக் கூடாது என்று சாப்பிடப்பட்ட இந்த மீதிக்கு யாருடைய செயலியிலும் பதிவு இல்லை. அக்காவுக்கு இடுப்பு வலி. அதை இன்னும் யாரும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

இளைக்க இளைக்க உடம்பின் செலவும் குறைந்துவிடும், முன்பு இளைக்கவைத்த அளவே பின்பு எடையை இருந்த இடத்தில் நிறுத்திவிடும் என்பது இன்னொரு மறுப்பு. மெய்தான். ஆனால் மச்சான் அந்த நிலையை எட்டவில்லையாதலால் இங்கே விரிக்கப்படவில்லை.

எட்டும் வாய்ப்பு ஒரு முறை வந்தது. கோவையில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மருத்துவமனை அங்கேயே என்பதால் அக்கா கிளம்பிப் போய்த் தங்கிவிட்டார். உறையூர் வீட்டில் மச்சான் தனியாள். காலையில் ஓட்ஸ், அவித்த முட்டை. மதியம் குக்கரில் ஒரு டம்ளர் சோறு, பாக்கெட் தயிர். இரவு வாழைப்பழமும் பாலும். ஆரஞ்சு பால் பாக்கெட்டில் 6 விழுக்காடு கொழுப்பு, நீல பாக்கெட்டில் 3 என்று பார்த்து நீலத்துக்கு மாறினார். எல்லாவற்றுக்கும் பாக்கெட்டின் முதுகிலோ முட்டையின் வடிவிலோ எண் இருந்தது. ஒரு நாள் கணக்கை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டிக்கழித்தால் டேலி ஆயிற்று. எடையும் இறங்கிற்று, பேன்ட்டுக்குப் பெல்ட் தேவைப்பட்டது. மிடில்டவுனின் செம்புப் பெட்டி காவிரிக்கரையில் மறுபடி கட்டப்பட்டதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எண்ணுவதும் எளிது, இளைப்பதும் எளிது. வாழ்வதுதான் சற்றுச் சிரமமாக இருந்ததாக மச்சான் தொலைபேசியில் தெரிவித்தார். வத்தக்குழம்பு எப்படி வைப்பது என்றும் கேட்டார்.

பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு அக்கா திரும்பி வந்தார். பையை இறக்கி வைக்கும் முன்பே ஆளைப் பார்த்தார்.

"என்னங்க இப்படி ஆயிட்டீங்க! கழுத்தெலும்பு தெரியுது. பார்க்கிறவங்க நான் சோறு போடலைன்னுல்ல சொல்லுவாங்க?"

டாக்டர் கைகுலுக்கிப் பாராட்டிய எடை அது. தெருவில் அதே எடை அக்காவின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அன்று மதியம் வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், அப்பளம், உருளைக்கிழங்கு ரோஸ்ட். மச்சான் வழக்கம்போலக் கைபேசியை எடுத்துப் பதிந்தார்: சோறு 1 கப்.

வாய்மொழித் தேர்வு

இக்கட்டுரையின் கைப்படி ஒருமுறை படித்துக் காட்டப்பட்டது. புறத்தேர்வாளராக அமர்ந்த அக்கா, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். அட்வாட்டர் பகுதியில் அவருக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. "அந்தப் பெட்டிக்குள்ள இருந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். வெர்மான்ட் பகுதி முழுவதையும் மாவைக் கலக்கிக்கொண்டே கேட்டார். எண்ணெய்க் குழிப் பகுதி வந்ததும் நிமிர்ந்தார்.

"இதெல்லாம் எழுதுறியே, உனக்கு எத்தனை தோசை வேணும், அதைச் சொல்லு."

ஆய்வாளர் இரண்டு போதும் என்றார். நான்கு வந்தன, ஓரம் சுற்றி எண்ணெயோடு.